தட்டச்சுப் பொறியில் தமிழை ஏற்றிய முத்தையா



கணினி கற்கத் தொடங்கும் பிள்ளையின் விரல் முதலில் தீண்டுவது விசைப்பலகையை. அப்பலகையிலுள்ள விசைகளின் பெயர்களுட் பல கணினியோடு பிறந்தவை அல்ல. அவை தட்டச்சுப் பொறி விட்டுச்சென்ற சொத்து. ‘ஷிஃப்ட்’ என்றால் இடம்பெயர்த்தல். 1878இல் வெளிவந்த ரெமிங்டன் இரண்டாம் பொறியில் அவ்விசையை அழுத்தினால், காகிதத்தைத் தாங்கிய உருளை உண்மையிலேயே இடம்பெயர்ந்து, சிறிய எழுத்துக்குப் பதிலாகப் பெரிய எழுத்து பதியும். ‘ரிட்டர்ன்’ என்றால் திரும்புதல். வரி முடிந்ததும் உருளையைக் கையால் தள்ளி அடுத்த வரியின் தொடக்கத்திற்குத் திருப்புவர். இன்று ‘எண்டர்’ என நாம் தட்டும் விசையின் முன்னோர் அதுவே. மின்னஞ்சலில் ‘சிசி’ எனக் குறிப்பதும், இரு தாள்களுக்கிடையே கரித்தாள் வைத்து எடுத்த கார்பன் நகலின் பெயரே.

ஆங்கில எழுத்துகளுக்கென அமெரிக்காவில் உருவான அப்பொறியில் நம் தமிழ் எழுத்துகளை ஏற்றிப் புழக்கத்திற்குக் கொண்டுவந்த பெருந்தகை ஆர். முத்தையா அவர்கள். அன்னாரின் வாழ்வை இம்மலரில் நினைவுகூர்தல் நம் கடன்.

இளமையும் கடல் கடந்த வாழ்வும்

1886ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் நாள் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில், இராமலிங்கம் என்பவரின் மைந்தராக முத்தையா பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவர், தம் வாழ்வைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டியவரானார். 1907இல், தம் இருபத்தொன்றாம் வயதில், கப்பலேறி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றார்.

அக்காலத்தில் மலாயாவில் இருப்புப் பாதைகள் பெருகிக்கொண்டிருந்தன. மிஷன் பாடசாலைகளிலும் சைவப் பாடசாலைகளிலும் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் அங்கு லிகிதர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் பணிபுரியச் சென்றனர். முத்தையாவும் முதலில் இரயில்வேயிலேயே சிறிது காலம் பணியாற்றினார். நாம் வாழும் ஃபிரிஸ்கோ நகரும், செயின்ட் லூயிஸ் – சான் பிரான்சிஸ்கோ இரயில் பாதையினாலேயே 1904இல் தன் பெயரைப் பெற்றது என்பதைப் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. அன்று இரயில் அழைத்தது. இன்று கணினி அழைக்கின்றது. பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் செல்வது தமிழருக்குப் புதிதன்று.

பின்னர் முத்தையா, அய்ல்ஸ்பரி அண்ட் கார்லண்ட் என்னும் வணிக நிறுவனத்திற் சேர்ந்து 1930 வரை அங்கு பணியாற்றினார். பகலில் அலுவல் பார்த்துக்கொண்டே வணிகவியல், சுருக்கெழுத்து, தட்டச்சு ஆகியவற்றைக் கற்றுத் தேறினார். அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்கள் பொறியிலிருந்து ஒழுங்காக வெளிவந்தன. வேண்டிய நகல்களும் அப்போதே கிடைத்தன. தமிழ்க் கடிதத்தையோ கையாலேயே எழுத வேண்டும். நகல் வேண்டுமாயின் மீண்டும் எழுத வேண்டும். தோட்டங்களிலும் கடைகளிலும் தமிழர் பெருந்தொகையினராக வாழ்ந்த நாட்டில் இந்நிலை நிலவியது. ஆங்கிலத்திற்குள்ள வசதி தமிழுக்கு ஏன் இருத்தலாகாது என்னும் வினாவே அவரது ஓய்வு நேரங்களை எடுத்துக்கொண்டது.

247 எழுத்தும் 50க்குட்பட்ட விசையும்

வினா எளிது; விடை எளிதன்று. ஆங்கிலத்தில் எழுத்து 26. பெரிதும் சிறிதுமாக 52. தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. தட்டச்சுப் பொறியில் அமைந்த விசைகளோ 50க்கும் குறைவு. ஒரு விசையில் இரண்டு உருவங்களை வைத்தாலும் நூறு உருவங்கள்கூடத் தேறமாட்டா. அவற்றுள்ளும் இலக்கங்களுக்கும் நிறுத்தக் குறிகளுக்கும் இடம் விடல் வேண்டும். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவருக்கு இந்நெருக்கடி இல்லை. அவர் முன்னுள்ள பெட்டியறைகளில் எத்தனை எழுத்தையும் அடுக்கலாம். மேலும், இன்று எளிதாக எழுதப்பெறும் ‘ணா’, ‘றா’, ‘னா’, ‘லை’, ‘ளை’ போன்ற 13 எழுத்துகள் அக்காலத்தில் தனி வடிவம் பெற்றிருந்தன. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின்னரே அவை இன்றைய வடிவை அடைந்தன.

முத்தையா எழுத்துகளை எண்ணிக் கலங்கவில்லை. அவற்றின் உறுப்புகளை எண்ணினார். மாணவர்களே, நீங்களும் ஒரு தாளில் எண்ணிப் பாருங்கள். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18. ஆ, இ, ஈ, எ, ஏ, ஐ ஆகிய உயிர்களின் குறிகள் 6; புள்ளி 1. ‘கொ’ எழுத ஒற்றைக் கொம்பும் காலும் போதும். ‘கோ’ எழுத இரட்டைக் கொம்பும் காலும் போதும். ஔகாரக் குறிக்கு ஒற்றைக் கொம்பும் ‘ள’கரமும் உதவும். தனித்தனி வடிவில் நிற்பவை உகர, ஊகார வரிசைகள்; அவை 36. அனைத்தையும் கூட்டினால் 74. ‘டி’, ‘டீ’ போன்ற சில விலக்குகளைச் சேர்த்தாலும், 247 என நம்மை அச்சுறுத்திய தொகை நூறுக்குள் அடங்கிவிடுகிறது. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய்யாகும் என்று நம் முன்னோர் வகுத்த இலக்கணமே இயந்திரத்தின் பூட்டைத் திறந்த சாவி.

இன்னுமொரு தடை இருந்தது. தட்டச்சுப் பொறியில் ஓர் எழுத்தைத் தட்டியதும் உருளை ஓர் இடம் நகர்ந்துவிடும். ‘க்’ என எழுதக் ககரமும் புள்ளியும் ஒரே இடத்தில் பதிய வேண்டும். உருளை நகர்ந்தால் புள்ளி பக்கத்தில் விழும். இதற்குத் தீர்வாக அமைந்தது நகரா விசை. அதனைத் தட்டினால் குறி பதியும், உருளை அசையாது. பின்னர் எழுத்தைத் தட்ட, அது குறியின் கீழ் வந்தமரும். பிரெஞ்சு முதலிய மொழிகளின் மேற்குறிகளுக்காக ஐரோப்பியப் பொறிகளில் இருந்த இவ்வுபாயத்தை, தமிழின் இயல்புக்கேற்பப் பயன்படுத்தியதிலே முத்தையாவின் கூரிய அறிவு புலனாகின்றது.

ஜேர்மனியில் உருவான தமிழ்ப் பொறி

வரைபடம் கையிலிருந்தாலும், உருக்கில் எழுத்தை வார்க்கத் தொழிற்சாலை வேண்டுமன்றோ? முதலாம் உலகப் போருக்குப் பின், ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த சைடல் அண்ட் நௌமான் நிறுவனத்தின் வாயிலாக அவர் தம் திட்டத்தை நிறைவேற்றினார். தையற்பொறிகளுக்கும் தட்டச்சுப் பொறிகளுக்கும் பெயர்பெற்ற நிறுவனம் அது. அதன் ‘ஐடியல்’, ‘பிஜோ’ ஆகிய பொறிகளில் தமிழ் எழுத்துகள் ஏறின. ‘பிஜோ’ கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறிய பொறி. யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர், சிங்கப்பூரிலும் மலாயாவிலும் உழைத்து, ஜேர்மனியில் வார்ப்பித்த தமிழ் எழுத்துகள் கப்பலேறித் தமிழர் வாழும் நாடுகளுக்குச் சென்றன. அந்த டிரெஸ்டன் நகரம் 1945 பெப்ரவரியில் குண்டுவீச்சால் அழிந்தது. அங்கு உருவான பொறிகளோ அதன் பின்னரும் தமிழைத் தட்டிக்கொண்டிருந்தன.

பொறி செய்த பணி

1956இல் சென்னை மாநிலத்தில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் நிறைவேறியது. சட்டம் இயற்றினால் மட்டும் போதாது. கோப்புகளைத் தமிழில் எழுதவும் வேண்டும். தமிழ்த் தட்டச்சு இல்லாதிருந்தால் அவ்வாணையை நடைமுறைப்படுத்துதல் மிகக் கடினமாயிருந்திருக்கும். தமிழ்நாட்டு ஊர்கள்தோறும் தட்டச்சுப் பயிலகங்கள் எழுந்தன. அங்கு தமிழ்த் தட்டச்சு பயின்று அரசுப் பணியிற் சேர்ந்து, குடும்பத்தைத் தாங்கிய பெண்கள் எண்ணற்றோர்.

ஈழத்தில் இப்பொறி ஆற்றிய பணி வேறொரு வகையிற் பெரிது. 1990இன் பின் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. அக்காலத்தில் அங்கு மாணவராயிருந்த நமக்கு வினாத்தாள்கள், ஸ்டென்சில் தாளில் தட்டச்சுச் செய்யப்பெற்று, ரோணியோப் பொறியிற் கையாற் சுழற்றிப் பிரதியெடுக்கப்பெற்றே வந்தன. இரவிற் குப்பி விளக்கில் படித்தோம். பகலில் அந்த மங்கிய ஊதா எழுத்துகளைப் பார்த்து விடை எழுதினோம். மின்சாரம் வேண்டாத பொறி ஒன்று நம்மிடம் இருந்தமையால் தேர்வுகள் நின்றுபோகவில்லை. பின்னாளில் ஆசிரியராகி, இன்று அகதியாக வந்து இந்நாட்டில் தமிழ் கற்பிக்கும் நாம், முத்தையாவின் பெயரை நன்றியோடு உச்சரிப்பதற்கு இது ஒன்றே போதும்.

கணினிக்கு வந்த தமிழ்

கணினி வந்தபோது தட்டச்சர்களின் பழகிய விரல்களுக்கேற்ப எழுத்துருக்கள் அமைந்தன. எழுத்துரு என்பது திரையில் தோன்றும் எழுத்தின் வடிவத் தொகுதி. ஈழத்தமிழரிடையே பரவிய ‘பாமினி’ எழுத்துருவில், ஆங்கில ‘ஜே’ விசையில் தகரமும், ‘கே’ விசையில் மகரமும், ‘ஓ’ விசையில் ழகரமும் இருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்னும் சொல்லைத் திறந்தால், ஜே, கே, பி, ஓ என ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே தோன்றும். வடிவம் தமிழாயினும், உள்ளே சேமிக்கப்பட்ட குறியெண் ஆங்கிலமாயிருந்தமையே காரணம். உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனிக் குறியெண் வழங்கும் ஒருங்குறி 1991இல் வெளியாகி, தமிழுக்கும் இடமளித்து, காலப்போக்கில் இக்குறையை நீக்கியது. முத்தையா உழைத்த அதே சிங்கப்பூரில், 1995இல் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றினார்.

1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் ‘தமிழ் 99’ விசைப்பலகை உருவாயிற்று. இதில் உயிரெழுத்துகள் பெரும்பாலும் இடக்கையிலும், மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. ‘க’வைத் தட்டி ‘ஒ’வைத் தட்டினால் ‘கொ’ வரும். கொம்பை முன்னும் காலைப் பின்னும் நாம் வைக்க வேண்டியதில்லை; கணினியே வைக்கும். முத்தையா இலக்கணத்தைக் கொண்டு 247ஐ நூறுக்குள் அடக்கினார். அதே இலக்கணத்தைக் கணினிக்குக் கற்பித்தபோது அது 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமுமாகச் சுருங்கிவிட்டது.

நமக்குரிய பாடம்

நம் பிள்ளைகளிற் பலர் பாட்டிக்கு அனுப்பும் செய்தியைத் தமிழிற் பேசி, ஆங்கில எழுத்திலே தட்டுகின்றனர். அது தவறென்று கடிவது நம் நோக்கமன்று. ஆயினும், எழுதாத எழுத்து மெல்ல மெல்லக் கண்ணுக்கும் அந்நியமாகிவிடும். பேத்தி அனுப்பும் செய்தியை ஆங்கிலம் அறியாத பாட்டி படிக்க இயலாமற் போவது இன்றே நிகழும் இழப்பு. இயந்திரம் ஆங்கிலத்துக்கென்றே உருக்கில் வார்க்கப்பட்டிருந்த காலத்தில், அதனைத் தமிழுக்கு இசைய வைத்தார் தாய் தந்தையற்ற ஓர் இளைஞர். இன்றோ தமிழ் விசைப்பலகை நம் கைபேசிக்குள்ளேயே இருக்கின்றது. அமைப்புகளில் தெரிவு செய்தால் போதும்.

பெற்றோர்களே, இவ்விழா முடிந்து இல்லம் சென்றதும் அவ்விசைப்பலகையைப் பிள்ளைகளுக்குத் திறந்து கொடுங்கள். மாணவர்களே, நாளொன்றுக்கு 5 விசை பழகுங்கள். ஆறு நாளில் உயிரும் மெய்யுமாக 30 எழுத்தும் விரலுக்கு வந்துவிடும். ஏழாம் நாள் ஆய்தத்தையும் பழகியபின், பாட்டிக்கு ஒரு வரி, தமிழ் எழுத்திலேயே, எழுதி அனுப்புங்கள்.