ஆலன் டூரிங்

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம் என்பது யாவரும் அறிந்ததே. சென்ற விடுமுறையில் நாம் ஆங்குச் சென்று, சூளைத் தொழிலாளி ஒருவர் மனையில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். அவர் மைந்தன் நம் கல்லூரி மாணவன். தான் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு, விளையாட்டுகள் ஆடுதற்கேற்ற கணிப்பொறி ஒன்றினை உறுப்பு உறுப்பாக வாங்கித் தன் கையாலேயே இணைத்திருந்தான். பொறி செவ்வனே இயங்கியது. ஆயின் அதன் காற்றாடிகள் எழுப்பிய இரைச்சல், பகலெல்லாம் சூளையருகே வெந்து மீளும் தந்தையாரின் துயிலைக் கெடுத்தது. அவர் ஒன்றும் கூறினாரல்லர். மைந்தனே அதனை விற்றுவிடத் துணிந்திருந்தான். தனக்கு ஆகாத வேலையில் கைவைத்துவிட்டோமே என்பதே அவன் துயரம். அன்றிரவு அவனுக்கு நாம் எடுத்துரைத்த சரித்திரத்தையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

ஆலன் டூரிங் 1912-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். ஆயினும் அவர்தம் குடும்பம் நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. தந்தையார் ஜூலியஸ் டூரிங் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். உத்தியோகம் வகித்தவர். தாயார் எத்தல் சாரா 1881-இல் கோயமுத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தமையனார் ஜான் 1908-இல் குன்னூரில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனாராகிய எட்வர்டு வாலர் ஸ்டோனி சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளர். துங்கபத்திரையின்மேல் பாலம் சமைத்தவர். அக்காலத்தில் துரைமார் மனைகளில் கூரையினின்று தொங்கும் பங்காவைக் கயிறுகட்டி ஆள் இழுப்பது வழக்கம். கயிறு ஓடும் சக்கரம் கிரீச்சிட்டால் உறங்குவோர் பாடு பெரும்பாடே. ஸ்டோனி ஓசையெழுப்பாத பங்காச் சக்கரம் ஒன்றினை இயற்றிக் காப்புரிமையும் பெற்றார். காற்றாடியின் இரைச்சலைத் தீர்க்க முயல்வோர்க்கு அவரே நம் பக்கத்து முன்னோர் எனலாம்.

பெற்றோர் இந்தியாவில் இருக்க, சிறுவர் இருவரும் இங்கிலாந்தில் பிறர் மனையில் வளர்ந்தனர். ஆலன் பள்ளியில் சிறந்த மாணாக்கராக மதிக்கப்பட்டாரல்லர். கையெழுத்து அலங்கோலம், உடையோ மைக்கறை. ஆயினும் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் அவர் உள்ளம் தோய்ந்திருந்தது. உடன்பயின்ற ஆருயிர் நண்பர் கிறிஸ்டபர் மார்கம் 1930-இல் இளமையிலேயே இறந்தமை அவரைப் பெரிதும் வாட்டிற்று. மறு ஆண்டு அவர் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார்.

1936-இல், தம் 24-ஆம் வயதில், அவர் வெளியிட்ட கட்டுரை உலகை மாற்றியது. நீண்ட நாடா ஒன்று; அது கட்டங்களாகப் பகுக்கப்பட்டது; ஒருகால் ஒரு கட்டத்தை மட்டும் நோக்கி, குறி ஒன்றை எழுதியோ அழித்தோ நகரும் பொறி ஒன்று. இத்துணை எளிய பொறியை மனத்தில் அமைத்துக்கொண்டு, கணிக்கத்தகுவன இவை, தகாதன இவை என்று அவர் வரையறுத்தார். அன்றியும், பிற பொறிகளின் செயல்முறையை நாடாவிலேயே எழுதித் தந்தால், ஒரே பொறி அவை அனைத்தின் தொழிலையும் செய்யும் என்றும் நிறுவினார். இன்று ஒரே கணிப்பொறி கடிதம் எழுதவும், கணக்குப் பார்க்கவும், விளையாடவும் உதவுகின்றதே, அதன் அடிப்படைக் கொள்கை இதுவேயாம்.

இனி, நாம் மாணவர்க்குச் சிறப்பாகக் கூற விரும்புவது யாதெனின், இப்பெருங் கணிதர் கைத்தொழிலை இழிவாக எண்ணாமையேயாம். அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் பயின்ற காலத்து, மின்சாரத்தாற் பெருக்கல் செய்யும் கருவி ஒன்றைத் தாமே கட்ட விரும்பினார். பட்டறை வேலை அவருக்குப் புதிது. பௌதிக நண்பர் ஒருவர் பட்டறைத் திறவுகோலைத் தந்து, கடைசல் இயந்திரத்தையும் துளைக்கருவியையும் கையாளக் கற்பித்தார். டூரிங் மின்விசைகளைத் தாமே செய்து, கம்பி சுற்றிப் பொருத்தினார். கட்டிய பகுதி இயங்கவும் செய்தது.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. டூரிங் பிளெட்ச்லி மாளிகையில், ஜெர்மானியரின் எனிக்மா மறைமொழியை உடைக்கும் பணியில் அமர்ந்தார். போலந்து நாட்டுக் கணித அறிஞர் முன்னரே வழிகாட்டியிருந்தனர். அவ்வழியை விரித்து அவர் வகுத்த பாம் (Bombe) என்னும் பொறியின் முதற்படி 1940-இல் இயங்கத் தொடங்கியது. உடன்பணியாற்றிய வெல்ச்மன் அதனை மேலும் திருத்தினார். பெருஞ்சந்தடியோடு சுழன்ற அப்பொறிகள் அட்லாண்டிக் கடலிற் கப்பல்கள் பலவற்றைக் காத்தன. ஆயினும் அப்பணியைப் பற்றி ஒருவரும் வாய்திறத்தல் கூடாதென்பது கட்டளை.

போர் முடிந்தபின், முழுமையான மின்னணுக் கணிப்பொறி ஒன்றற்கு அவர் திட்டம் வரைந்தார். காலம் தாழ்த்தது; பொறுமையிழந்து 1948-இல் மான்செஸ்டர் சென்றார். அவ்வாண்டே நண்பர் சாம்பர்னோனுடன் கூடிச் சதுரங்கம் ஆடுதற்குரிய விதிகளை வகுத்தார். காலாளுக்கு 1, குதிரைக்கு 3, மந்திரிக்கு 3½, யானைக்கு 5, இராணிக்கு 10 என மதிப்பிட்டு, ஒவ்வொரு நகர்த்தலின் விளைவையும் எடைபோடும் முறை அது. அதனை இயக்கத்தக்க பொறியோ கைவசம் இல்லை. என் செய்வது? 1952-இல் டூரிங் தாமே பொறியாக அமர்ந்து, தாளிலும் எழுதுகோலிலும் கணித்து, அலிக் கிளென்னி என்பாரோடு ஆடினார். ஒரு நகர்த்தலுக்கு ஏறத்தாழ அரைமணி நேரம் ஆயிற்றாம். 29-ஆம் நகர்த்தலில் தாள்பொறி தோற்றது. 2012-இல் அவ்விதிகளைக் கணிப்பொறியில் ஏற்றியபோது காஸ்பரவ் அதனை 16 நகர்த்தல்களில் வென்றார். தோல்வி தோல்வியே, ஆயினும் காற்றாடியும் இரைச்சலும் இல்லாத அத்தாள்பொறியினின்றே இன்றைய விளையாட்டுப் பொறிகளின் மரபு தொடங்குகின்றது எனின் மிகையாகாது.

அதே 1952-இல் பெருந்துன்பம் நேர்ந்தது. ஆடவர் ஒருவரோடு கொண்ட உறவு பற்றி அவர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். அந்நாட்டுச் சட்டம் அன்று அதனைக் குற்றமாக வைத்திருந்தது. சிறைக்கு ஈடாக உடலை மாற்றும் மருந்து செலுத்தப்பட்டது. நாட்டைக் காத்த தொண்டினை எடுத்துச்சொல்லவும் அவருக்கு வழியில்லை. 1954 ஜூன் 7-ஆம் நாள், 41-ஆம் வயதில், சயனைடு நஞ்சினால் இறந்தார். தற்கொலை என்று விசாரணையாளர் முடிவு செய்தனர். விபத்தென்றே தாயார் நம்பினார். போத்தனூரில் பிறந்த அவ்வம்மையார் 1959-இல் தம் மகன் சரித்திரத்தை நூலாக வெளியிட்டார். ஆயினும் போர்க்காலத்தில் அவர் ஆற்றிய பணி இன்னதென்று அதில் எழுதவியலவில்லை. 2013-இல் அரசியார் மன்னிப்பு வழங்கினார். 2021-இல் 50 பவுண்டு நோட்டில் அவர் உருவம் இடம்பெற்றது. நம் நாட்டிலும் அத்தகைய சட்டத்தின் பிடியை உச்சநீதிமன்றம் 2018-இல் நீக்கியது. காலந்தாழ்ந்து வரும் நீதி இறந்தாரை எழுப்பாது; இருப்பாரையேனும் காக்க வேண்டும்.

சரித்திரம் முடிந்தபோது, அருகே படுத்திருந்த தந்தையார் எழுந்து அமர்ந்தார். மறுநாள் காலை பொறியின் பக்கப்பலகையைக் கழற்றச் செய்து, சூளையில் அனல் போகும் வழியை ஆராய்வார் போலக் கைவைத்துப் பார்த்தார். வெப்பக்காற்று வெளியேறும் பின்வாயில் சுவரோடு ஒட்டியிருந்ததை அவரே கண்டார். பொறியை நகர்த்தி வைத்தபின், மாணவன் விரைந்து சுழலும் சிறிய காற்றாடிக்கு மாறாக மெல்லச் சுழலும் பெரியதொன்றை அமைத்தான். திருகுகளின்கீழ் இரப்பர் வளையம் இட்டான். காற்றாடியின் வேகத்தைப் பாதியாக்கின் ஓசை ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும் என்பது பொறியியல் விதி. ஆதலின், வெப்பத்திற்கேற்ப வேகம் ஏறி இறங்குமாறு படிப்படியாகத் திருத்தி, ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றி, ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்துக்கொண்டான். இரண்டாம் நாள் இரவு பொறி இயங்கிக்கொண்டிருக்கையிலேயே தந்தையார் அயர்ந்து உறங்கினார். பொறியை விற்கும் பேச்சு அதன்பின் எழவில்லை.

மாணவ நண்பர்காள்! புதிதாய்த் தொடங்குதல் நாணத்தக்கதன்று. பெருக்கற் கருவியைக் கட்டப்புகுந்த டூரிங்கும் அன்று பட்டறைக்குப் புதியவரே.