மகாவித்துவானும் மாணாக்கரும்

மாலை வேளையில் எமது கல்லூரி வாயிலைக் கடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காண்பர். பள்ளி விட்ட மாணாக்கர் வீடு செல்லாது துவிச்சக்கர வண்டிகளிற் கூட்டங் கூட்டமாக ரியூட்டரிகளை நோக்கி விரைவர். தனிப்போதனை என்று அதற்குப் பெயர். ஆயின் அங்கே நூற்றுவர் நெருங்கியிருந்து ஒருவர் குரலைக் கேட்பர். தனி என்னுஞ் சொல் பொருளிழந்து நெடுங்காலமாயிற்று. மலர்க்குழுவினர் இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று எம்மைப் பணித்தபோது, ஒவ்வொரு மாணாக்கனையும் தனித்தனியே அறிந்து பாடஞ் சொன்ன ஒருவரது வரலாற்றை எழுதுதலே தக்கதென எண்ணினோம். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களே அப்பெரியார்.

பிள்ளையவர்கள் 1815 ஆம் ஆண்டு ஏப்பிரல் 6 ஆந் திகதி திரிசிராப்பள்ளிக்கு அணித்தாய அதவத்தூரிலே பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை தாமும் ஓர் ஆசிரியர். மைந்தருக்கு முதலாசிரியரும் அவரே. தந்தையாரை இளமையிலேயே இழந்த பின்னர், கற்க வேண்டியவற்றைத் தாமே தேடிச் செல்லும் நிலை பிள்ளையவர்களுக்கு உண்டாயிற்று. அக்காலத்திலே ஒரு நூலைக் கற்க விரும்புவோன் அதனைக் கற்றவர் யாண்டுளர் என வினவி, அவரை அடைந்து, அவர் மனம் இரங்குங் காலத்தை எதிர்நோக்கிக் கிடத்தல் வேண்டும். ஏடு கிடைப்பினும் பொருள் சொல்வார் கிடைத்தல் அரிது.

தண்டியலங்காரத்தை அவர் கற்ற கதை இதற்குச் சான்று. அந்நூலிற் பயிற்சி மிக்க பரதேசி ஒருவர் திரிசிராப்பள்ளித் தெருக்களிற் பிச்சையேற்றுத் திரிந்தார். எளிதிற் பாடஞ் சொல்லுபவரல்லர். பிள்ளையவர்கள் அவர் பின்னே வீதி வீதியாய்ச் சென்று, அவர் ஏற்ற அரிசியைச் சுமந்து, அவர் விரும்பிய கஞ்சாவையும் வாங்கிக் கொடுத்து, அவர் மனமகிழ்ந்திருந்த வேளைகளிலே சிறிது சிறிதாக அணியிலக்கணத்தைக் கேட்டறிந்தார். கஞ்சா வாங்கிக் கொடுத்ததை இக்காலத்தார் ஒப்பார். யாமும் எம் மாணாக்கர்க்கு அதனைப் பரிந்துரைக்கமாட்டோம். ஆயினும் அவ்விளைஞரது கல்விப் பசியை யாம் மறத்தற்கில்லை. பின்னர்ச் சென்னை சென்று காஞ்சிபுரம் சபாபதி முதலியார், திருத்தணிகை விசாகப்பெருமாளையர் முதலிய புலவர்களையும் அடுத்துக் கற்றார்.

இவ்வாறு கற்றவர்கள் பிற்காலத்தில் இருவகையாதல் கூடும். தாம் பட்ட பாட்டைப் பிறரும் படட்டும் என்பார் ஒரு சாரார். பிள்ளையவர்கள் மற்றைச் சாரார். கற்க வந்தவர்பாற் பொருள் வேண்டார். வறியவர்க்கு உணவும் உறைவிடமும் தாமே உதவுவார். கையிலே பொருள் இருந்ததோ எனின், பெரும்பாலும் இல்லை. பரிசில் வந்த நாளில் வீடு நிறையும். வாராத நாளிற் கடன் நிறையும். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாய் மகாவித்துவான் என்னும் பட்டம் பெற்றிருந்த காலத்தும் இந்நிலை மாறிற்றில்லை.

1871 ஆம் ஆண்டில், உத்தமதானபுரத்தைச் சேர்ந்த பதினாறு வயது இளைஞர் ஒருவர் தந்தையாருடன் மாயூரத்துக்கு வந்து பிள்ளையவர்களைக் கண்டார். அவரே பின்னாளில் மகாமகோபாத்தியாயராய் விளங்கிய உ. வே. சாமிநாதையர். ஏற்றுக்கொள்ளப்பட்டாரெனினும், முதற்கண் அவருக்குப் பாடஞ் சொல்லும் பொறுப்பு மூத்த மாணாக்கர் ஒருவரிடம் விடப்பட்டது. மூத்தவர் அன்பாகவே சொன்னார். ஆயினும் இளைஞரது உள்ளம் அமைதியுறவில்லை. கங்கைக் கரையை அடைந்தவன் குடத்து நீரைக் கொண்டு மனநிறைவு எய்துவனோ? ஆசிரியரை நேரே கேட்க அச்சம், கேளாதிருக்கவும் இயலவில்லை.

அப்போது பிள்ளையவர்கள் மாயூரத்தில் ஒரு வீடு வாங்கி, அதன் தோட்டத்திலே மரங்களைப் பெயர்த்துக் கொணர்ந்து நட்டிருந்தார். விடியற்காலையில் எழுந்து அவை தளிர்த்தனவோ என ஒவ்வொன்றாய்ப் பார்த்து வருதல் அவர் வழக்கம். ஒரு தளிர் கண்டால் அன்று முழுதும் முகம் மலர்ந்திருக்கும். இதனைக் கண்டுகொண்ட இளைஞர், ஆசிரியர்க்கு முன்னரே எழுந்து, மரந்தோறும் சென்று புதுத் தளிர்களைத் தேடி வைத்து, அவர் வந்ததும் காட்டலானார். சில நாள்களில் ஆசிரியர் வந்தவுடன் அவரையே வினவும் நிலை வந்தது. அந்த மகிழ்ச்சி வேளையில் ஒருநாள், தமக்கு நேரே பாடஞ் சொல்ல வேண்டுமென இளைஞர் விண்ணப்பஞ் செய்தார். ஆசிரியரும் இசைந்தார்.

பரதேசியின் அரிசியைச் சுமந்தவர்பால் இவ்விளைஞர் தளிர் காட்டிப் பாடம் பெற்றதை எண்ணுந்தோறும் எமக்கு ஒரு வியப்பு உண்டாகும்.

அன்று தொடங்கிய பாடம் ஏறக்குறைய ஐந்தாண்டு நடந்தது. அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என ஒன்றன்பின் ஒன்றாய்ச் சென்றது. இடமும் காலமும் வரையறுக்கப்படவில்லை. திண்ணையிலும் பாடம், பிரயாணத்திலும் பாடம். மாணாக்கன் செய்யுளைப் படிப்பான். அவனுக்கு எவ்விடத்தில் இடர்ப்பாடோ அவ்விடத்தில் மாத்திரம் ஆசிரியர் விளக்குவார். தெரிந்ததை விரித்துக் காலங் கழிப்பதில்லை. இது சிறிய செய்தியன்று. எவனுக்கு எது தெரியாது என்பதை அறிதற்கு அவன் வாயாற் படிப்பதை ஆசிரியர் தம் செவியாற் கேட்டல் வேண்டும். யாம் ஆசிரியத் தொழிலைத் தொடங்கிய காலத்திலே, பின் வாங்கில் இருந்த ஒருவனை மந்தனென எண்ணி ஓராண்டைப் போக்கினோம். ஒருநாள் தனியே அழைத்துப் படிக்கச் சொன்ன பின்னரே, கரும்பலகை எழுத்து அவன் கண்ணுக்குப் புலப்படவில்லை என்பதை அறிந்தோம். அந்நாளை இன்னும் மறந்தோமில்லை.

பிள்ளையவர்கள் புராணம் பாடுங் காலத்தில் ஏடும் எழுத்தாணியும் மாணாக்கர் கையில் இருக்கும். அவர் வாய் சொல்லிச் செல்ல, எழுதுவோர் கை ஓயும். ஒரு சொல்லை விலக்கி வேறொரு சொல்லை அவர் வைக்கும்போது அருகிருந்தோர் கற்றதனை எந்த யாப்பிலக்கண நூலும் கற்பித்தல் அரிது.

குறையில்லாதவர் அவர் என்று யாம் கூறோம். சாமிநாதையர் மாயூரத்திலே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் பயின்று வந்ததை அறிந்தபோது, ஆசிரியர்க்கு அது உவப்பாகவில்லை. இசையிற் சென்ற மனம் இலக்கணத்தில் நில்லாது என்பது அவர் கருத்து. மாணாக்கர் இசைப் பயிற்சியை நிறுத்தினார். பாரதியாரிடம் இசை கேட்கும் பேறு எத்தனை பேர்க்கு வாய்க்கும்! இவ்விடத்து ஆசிரியரது அன்பு சிறிது தன்னலமும் உடையதாயிற்றென்றே எமக்குத் தோன்றுகின்றது. தனியே ஒருவனைத் தாங்கும் ஆசிரியர் அவனை முழுதும் தமக்கே உரியவனாக்க விரும்புதல் இம்முறையில் உள்ள இடர்.

ஆயின் சமய வேற்றுமை அவர் பாடத்திற்கு வேலியாகவில்லை. சைவ மடத்து வித்துவானாகிய அவரிடம் நாகூர் குலாம் காதிறு நாவலரும், கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளையும் கற்றனர். மாயூரத்து முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை அவருக்கு உற்ற நண்பர். அவர்மீது குளத்தூர்க் கோவை பாடினார். எம் நாட்டுக்கும் அவர் அயலாரல்லர். 1849 இல் அதே ஆதீனத்தாராற் பட்டம் பெற்ற எங்கள் ஆறுமுக நாவலர் திருக்குறட் பரிமேலழகருரையைப் பதிப்பித்தபோது பிள்ளையவர்கள் சிறப்புக்கவி அளித்தார்.

1876 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி இரவு, திருவாவடுதுறையிற் பிள்ளையவர்கள் இறைவனடி சேர்ந்தார். சவேரிநாத பிள்ளை அவரைத் தம் மார்பிற் சார்த்திக்கொண்டிருக்க, சாமிநாதையர் திருவாசகத்து அடைக்கலப்பத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஆசிரியரது செவி மாணாக்கனது குரலைக் கேட்ட இறுதி வேளை அது.

அவர் விட்டுச் சென்றவை பாடல்களும் கடனும் மாணாக்கருமே. மாணாக்கருள் மூத்தவராகிய பூவாளூர்த் தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராயிருந்தார். 1880 இல் உடல்நலங் குன்றி ஓய்வு கொள்ள நேர்ந்தபோது, தம் இடத்திற்குச் சாமிநாதையரைப் பரிந்துரைத்து அமர்த்தினார். திண்ணைப் பாடம் கல்லூரி வகுப்புக்குட் புகுந்தது இவ்வாறே. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திற் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்ட ஐயர், தாம் கற்ற நூல்களின் பெயரையெல்லாம் அடுக்கினார். முதலியார் வியந்தாரல்லர், சீவகசிந்தாமணி படித்ததுண்டோ என்றே வினவினார். அந்நூலை ஆசிரியர்பால் ஐயர் பாடங் கேட்டதில்லை. கேளாத நூலை ஏடுகளை ஒப்பிட்டுத் தாமே ஆராய்ந்து 1887 இற் பதிப்பித்தார். மாயூரத்திலே மரம் மரமாகச் சென்று தளிர் தேடிய அதே கண்களே ஏட்டிற் பாடபேதந் தேடின.

ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழாண்டு கழிந்த பின்னர், எண்பதை அணுகிய பருவத்தில், ஐயர் தம் ஆசிரியரது சரித்திரத்தை 1933, 1934 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். எமது கல்லூரி நூல்நிலையத்திலே இவ்விரு பாகங்களும் இருக்குமாயின், பழைய மாணவர் சங்கத்தார் அவற்றை அலமாரியிற் பூட்டி வையாது இளைஞர் கைக்கு எட்டும்படி வைத்தல் வேண்டுமென விண்ணப்பிக்கின்றோம்.