பந்துவீச்சில் உயர்ந்த பல்வங்கர் பாலு

இந்தியக் கிரிக்கெட்டின் பழங்கதை சொல்வோர் ரஞ்சித்சிங்ஜியின் பெயரையே முதலில் எடுப்பர். அவர் பெரும் வீரர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் டெஸ்ட் ஆட்டங்களில் அவர் ஆடியது இங்கிலாந்துக்காகவே. இந்திய அணிகளுக்கு வெற்றி தேடித் தந்த அக்கால வீரருள் முதலிடம் யாருக்கு எனக் கேட்டால், பல்வங்கர் பாலுவுக்கு என்பதே நியாயமான விடை.

பாலு 1876ஆம் ஆண்டு தார்வாரில் பிறந்தார். தோல் தொழில் செய்ததால் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட குலம் அவருடையது. தந்தை பூனாவில் இராணுவத்தில் ஊழியம் செய்தார். வெள்ளை அதிகாரிகள் கழித்துவிட்ட மட்டையும் பந்தும் கொண்டே பாலுவும் தம்பி சிவராமும் ஆடப் பழகினர்.

பின்னர் பூனா ஐரோப்பியர் கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளத்துக்குப் பாலு வேலைக்கு அமர்ந்தார். உருளை இழுப்பது, களத்தைச் சீர்செய்வது, வலை கட்டுவது, துரைமாரின் பயிற்சிக்குப் பந்து வீசுவது ஆகியன அவர் கடமைகள். துடுப்பெடுத்து ஆடும் வாய்ப்பு மட்டும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. நாள்தோறும் வீசி வீசியே இடக்கைச் சுழற்பந்தில் அவர் நிகரற்றவரானார். கிரெய்க் என்ற புகழ்பெற்ற ஆங்கில ஆட்டக்காரர், தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்தார் என்பர்.

அவரது திறமை கண்டு பூனா இந்துக்கள் தம் அணியில் சேர்த்துக்கொண்டனர். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டனர். தேநீர் வேளையிலோ அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில் தேநீர். உணவும் தனியே. அவமானத்தை விழுங்கிக்கொண்டு அவர் விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1906இல் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றபோது, பாலுவின் பந்துவீச்சு அதற்குப் பெருந்துணையாயிற்று.

1911இல் பட்டியாலா மகாராஜாவின் தலைமையில் அகில இந்திய அணி இங்கிலாந்து சென்றது. மகாராஜா ஆடியது சில ஆட்டங்களே. 23 ஆட்டங்களில் அணி வென்றது 6, தோற்றது 15. தோற்ற அணியில் சிறந்த வீரர் எப்படி இருக்க முடியும் எனச் சிலர் கேட்கலாம். வென்ற அணியில் ஒருவர் சோர்ந்தாலும் மற்றவர் தாங்குவர். பாலுவோ நலிந்த அணியின் பாரத்தைத் தாமே சுமந்து, 114 விக்கெட்டுகளை 18.84 என்ற சராசரியில் எடுத்தார். அவர் இல்லையேல் அந்த ஆறு வெற்றிகளும் கிட்டியிருக்குமா?

இத்தனைக்கும் பிறகும் இந்து அணியின் தலைமைப் பதவி அவருக்கு மறுக்கப்பட்டது. திறமை அல்ல, பிறப்பே தடையாக நின்றது. ஆனால் அவர் திறந்த வழியில் தம்பி விட்டல் நடந்தார். 1923இல் விட்டல் அணித்தலைவராகி, இந்துக்களுக்கு வெற்றிக் கிண்ணத்தை ஈட்டித் தந்தார்.

இளமையில் பாலுவைப் போற்றியவர் டாக்டர் அம்பேத்கர். அரசியலிலோ இருவர் வழியும் பிரிந்தது. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்பேத்கரிடம் பாலு தோற்றார். 1955 ஜூலையில் பம்பாயில் காலமானார்.

இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது 1932இல். அப்போது பாலுவுக்கு ஐம்பத்தாறு வயது. ஆகவே டெஸ்ட் வீரர் பட்டியல்களில் அவர் பெயர் இல்லை. பட்டியலில் இல்லாதவரை உலகம் எளிதில் மறந்துவிடுகிறது.

மீரியபெத்தவிலும் ஊவாவின் மற்றத் தோட்டங்களிலும் லயத்து முற்றத்தில் பந்து வீசும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இக்கதையைச் சொல்ல வேண்டும். பிறருக்காக மைதானம் உருட்டிய கைகளே, வாய்ப்பு வந்தபோது ஆட்டத்தையும் வென்றன என்பதை அவர்கள் அறியட்டும். வாய்ப்புக் கொடுப்பது பெரியோர் கடமை. அதை மறுக்க எவருடைய பிறப்பும் காரணமாகக் கூடாது.