பள்ளிப் பிள்ளைகளின் பசியறிந்தவர்

ஞாயிறு பூசை முடிந்து கோவில் முற்றத்தில் ஓடி விளையாடும் நம் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம், இதே மாவட்டத்தில் பிறந்து, பிறர் பிள்ளைகளின் பசியைத் தம் பசியாக எண்ணிய ஒரு பெரியவரின் நினைவு வருகிறது. அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவரல்லர். ஆயினும், வனாந்தரத்தில் ஜனங்களைப் பட்டினியாய் அனுப்ப மனமில்லாமல் அப்பம் பகிர்ந்த ஆண்டவரை வணங்குகிற நமக்கு அவருடைய சரித்திரம் அந்நியமாயிராது.

காமராஜர் 1903-ம் வருஷம் ஜூலை மாதம் 15-ந் தேதி விருதுப்பட்டியில் பிறந்தார். அவ்வூரே பிற்காலத்தில் விருதுநகர் ஆயிற்று. தந்தை குமாரசாமி நாடார் தேங்காய் வியாபாரி. தாய் சிவகாமி அம்மாள். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பெயரிட்டார்கள். தாயார் செல்லமாய் ராஜா என்றழைத்தார். இரண்டும் சேர்ந்து காமராஜ் என்று நிலைத்தது.

ஆறு வயதிலேயே தகப்பனார் இறந்தார். சிவகாமி அம்மாள் தம் நகைகளை விற்று, அந்தப் பணத்தை ஒரு வியாபாரியிடம் போட்டுவைத்து, வரும் வட்டியில் மகனையும் மகள் நாகம்மாளையும் வளர்த்தார். தகப்பனை இழந்த பிள்ளை பள்ளியில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்பது நம் பகுதி உபாத்தியாயர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் விபத்து நடந்தபின், வாய் திறவாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவரை அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

திண்ணைப் பள்ளியில் அரிச்சுவடி கற்றபின் சிறுவன் சத்திரிய வித்தியாசாலையில் சேர்ந்தான். அந்தப் பாடசாலை எழுந்த விதம் அறியத்தக்கது. ஊர்ப் பெண்கள் தினமும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அதைத் திரட்டிப் பள்ளிக்குக் கொடுப்பார்கள். இப்படி ஏழைகளின் பானையிலிருந்து வந்த பிடி அரிசியைக் கொண்டு நடந்த பள்ளியில் அவர் படித்தார். பின்னாளில் பள்ளியையும் சோற்றையும் அவர் ஒருங்கே நினைத்ததற்கு வித்து அங்கேயே விழுந்தது என்பது என் எண்ணம்.

அந்தப் பள்ளி நாட்களைப்பற்றி ஊரில் ஒரு கதை சொல்வார்கள். பிள்ளையார் சதுர்த்திக்குப் பள்ளியில் பிள்ளைகளிடம் காசு வாங்கிப் பொரிகடலை கொடுத்தார்கள். மற்றவர்கள் முண்டியடித்து அள்ளிக்கொண்டார்கள். காமராஜர் ஒதுங்கி நின்றார். கடைசியில் கொஞ்சமே கிடைத்தது. வீட்டில் பாட்டி ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டதற்கு, எல்லாரும் ஒரே காசு கொடுத்திருக்க, சமமாய்ப் பங்கிட வேண்டியது வாத்தியாருடைய கடமையல்லவா என்று அவர் திருப்பிக் கேட்டாராம். ஒவ்வொரு வகுப்பிலும் இப்படி ஒதுங்கி நிற்கிற ஒரு பிள்ளை உண்டு.

பன்னிரண்டு வயதளவில் படிப்பு நின்றது. மாமன் கருப்பையா நாடாருடைய ஜவுளிக்கடையில் வேலைக்கு உட்கார்ந்தார். அப்புறம் நடந்த காங்கிரஸ் வாழ்வு, 1930-ல் உப்பு சத்தியாக்கிரகம், பல முறையாய் ஏறக்குறைய ஒன்பது வருஷச் சிறைவாசம் ஆகியவற்றை யாவரும் அறிவர். சிறையிலே அவர் புத்தகங்களைப் படித்துத் தம் கல்வியைத் தாமே வளர்த்துக்கொண்டார்.

1954-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சரானார். அதற்கு முந்திய வருஷம் கொண்டுவரப்பட்டிருந்த அரைநாள் பள்ளித் திட்டத்தை உடனே நிறுத்தினார். பாதி நாள் படிப்பு, மீதி நாள் குலத்தொழில் என்பது அத்திட்டம். பள்ளியில்லாத கிராமங்களில் பள்ளிகளைத் திறக்கச் செய்தார். ஆனால் பள்ளியைத் திறந்தும் பிள்ளைகள் வரவில்லை. பிரயாணத்தில் ஒருமுறை மாடு மேய்க்கும் சிறுவனைப் பார்த்து, ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று விசாரித்தாராம். போனால் சோறு யார் போடுவார் என்று அவன் கேட்டானாம்.

செலவுக்கு அஞ்சிய அதிகாரிகளும் உண்டு. பிச்சையெடுத்தாகிலும் இதைச் செய்ய வேண்டுமென்று காமராஜர் உறுதியாய் நின்றார் என்பார்கள். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவருக்கு வலக்கையாயிருந்தார். 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவு ஆரம்பமாயிற்று. முதலில் ஊரார் கொடையே ஆதாரம். பின்பு சர்க்கார் ஒரு பங்கு, ஊர் ஒரு பங்கு என்று செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். 1961 முதல் அமெரிக்காவின் கேர் ஸ்தாபனம் பால் மாவும் கோதுமையும் எண்ணெயும் தந்தது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் கிராமத்தார் பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம் என்று கொண்டுவந்து குவித்தார்கள். கிழிந்த சட்டைக்காரனும் கடைக்காரர் மகனும் ஒன்றுபோல் உட்காரும்படி சீருடையும் வந்தது. ஒரே பந்தியில் பல சாதிப் பிள்ளைகள் அமர்ந்து உண்டது அக்காலத்தில் சிறு காரியமன்று.

ஒரு குறையையும் மறைக்கலாகாது. 1957-லும் 1962-லும் அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது சாத்தூர்த் தொகுதி. அந்தச் சாத்தூர், சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளே வெகுகாலம் பள்ளியை விட்டுத் தீப்பெட்டி ஒட்டவும் குச்சி அடுக்கவும் போனார்கள். மதியச் சோறு ஒரு வேளைப் பசியைத் தீர்த்தது. வீட்டார் எதிர்பார்த்த கூலியை அது ஈடு செய்யவில்லை. குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1986-ல் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளைக் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. அதற்குள் இரண்டு தலைமுறை அடுக்குப் பலகையின் முன்னே வளர்ந்துவிட்டது. இதை வாசிக்கும் பாட்டிமார்களில் சிலருக்கு விரல்களே சாட்சி.

1963-ல் பதவியைத் தாமே துறந்தார். 1967 தேர்தலில் சொந்த ஊராகிய விருதுநகரிலேயே 1,285 வாக்குகளில் தோற்றார். வென்றவர் மாணவர் தலைவராயிருந்த ஓர் இளைஞர்! கலியாணம் செய்துகொள்ளவில்லை, சொத்தும் சேர்க்கவில்லை. 1975-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி சென்னையில் காலமானார்.

தமிழக அரசு 2022-ல் ஆரம்பித்த காலை உணவுத் திட்டம், 2024-ம் வருஷம் அவர் பிறந்த நாளான ஜூலை 15 அன்று கிராமப்புறத்து உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. தொடக்க விழா நடந்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலுள்ள புனித அன்னாள் பள்ளிக்கூடம்.