மதிப்பெண் குறைந்த பாரிஸ்டர்

சட்டக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் அனுப்பும் பருவத்தில், மறைமலை நகரிலும் தாம்பரத்திலும் எத்தனையோ வீடுகளில் மனக்கிலேசம் குடிகொள்கிறது. பட்டப் பரீக்ஷையில் எண்கள் குறைந்துவிட்டன, நுழைவுத் தேர்வும் சரியாக அமையவில்லை, இனி வக்கீல் தொழில் நமக்கு ஏது என்று வாலிபர்கள் சோர்ந்து போகிறார்கள். அவர்கள் பொருட்டுக் காந்தியடிகளின் வாலிபப் பருவத்தை நினைவூட்ட விரும்புகிறோம்.

1869-ல் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், 1887-ல் மெட்ரிகுலேஷன் பரீக்ஷையில் தேறினார். பெற்ற எண்கள் நூற்றுக்கு நாற்பதை ஒட்டியவையே. பவநகர் சாமள்தாஸ் கல்லூரியில் சேர்ந்தும் பாடங்கள் விளங்கவில்லை. முதற் பருவம் முடிந்ததும் வீடு திரும்பிவிட்டார். பட்டம் பெற்றுப் பின் சட்டம் பயிலப் பல வருஷங்களாகும், சீமைக்குச் சென்றால் மூன்று வருஷங்களில் பாரிஸ்டராகலாம் என்று குடும்ப நண்பர் ஒருவர் யோசனை கூறினார். பட்டம் பெறாதவருக்கும் அக்காலத்தில் அவ்வாசல் திறந்திருந்தது. ஜாதியார் பகிஷ்கரித்தும், 1888 செப்டம்பரில் கப்பலேறி, லண்டனில் இன்னர் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்தார்.

பாரிஸ்டர் பரீக்ஷை அந்நாளில் கடினமன்று. குறிப்புப் புத்தகங்களை உருப்போட்டே பலர் தேறினர். அவரோ மூல நூல்களையே படித்தார். ரோமச் சட்டத்தை லத்தீனிலேயே வாசித்தார். கூடவே லண்டன் மெட்ரிகுலேஷனுக்கும் அமர்ந்து, லத்தீனில் தவறி, மறுமுறை தேறினார். 1891 ஜூன் 10-ல் பாரிஸ்டரானார்.

அத்துடன் கஷ்டம் தீர்ந்ததா? இல்லை. பம்பாயில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுழன்றது; நா எழவில்லை. 30 ரூபாய் கட்டணத்தைத் திருப்பித் தர இசைந்து வழக்கை விட்டார். ஆசிரியர் வேலை கேட்டார். பட்டதாரியல்லர் என்று மறுத்துவிட்டனர்.

1893-ல் தாதா அப்துல்லா கம்பெனியின் வழக்கிற்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். அது கணக்கு வியவகாரம். கணக்கெழுதும் முறையறியாத அவர், புத்தகம் வாங்கிக் கற்றார். தஸ்தாவேஜுகளைத் துருவிப் படித்தார். பின்னர் இரு கட்சியாரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்கச் செய்து, தோற்றவர் திவாலாகாதபடி தவணைக்கும் வழி செய்தார். 1894-ல் நேட்டால் வக்கீல் சங்கம் எதிர்த்தும், அங்குள்ள சுப்ரீம் கோர்ட்டு அவரை அட்வகேட்டாக ஏற்றுக்கொண்டது.

எண்களே வேண்டாமென்று நாம் கூறவில்லை. இடங்கள் சிலவும் கேட்போர் பலருமாயிருக்கையில் ஏதேனும் ஓர் அளவுகோல் வேண்டியதே. செலவேற்றுச் சீமைக்கு அனுப்பும் தமையனாரும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆயினும் குறைந்த எண்கள் அவருடைய திறமையின்மைக்குச் சாட்சியாகவில்லை; பாரிஸ்டர் பட்டமும் அவருடைய திறமைக்குச் சாட்சியாகவில்லை. வழக்கின் உண்மைகளை முற்றும் அறிய முயன்ற உழைப்பே அவரை வழக்கறிஞராக்கிற்று. இவ்வருஷம் புதுப்பாக்கத்திலோ செங்கற்பட்டிலோ இடம் கிட்டாதவர்கள், லத்தீனில் தவறியவர் மறுபடி பரீக்ஷைக்கு அமர்ந்ததை எண்ணி, அடுத்த வருஷமும் விண்ணப்பிப்பார்களாக.