சுவரில் விழுந்த நிழல்: அல்பின் கிராவ் (1884–1971)

சுவரொட்டிக்கு ஆயுள் குறைவு. படம் அரங்கை விட்டு நீங்கியதும் அதன்மேல் வேறொன்று ஒட்டப்படும். மழை வந்தால் அதற்கு முன்பே கிழிந்து தொங்கும். அத்தகைய தாளிலே அச்சம் என்னும் மெய்ப்பாட்டை நிலைபெறச் செய்தவர் ஜெர்மானிய ஓவியர் அல்பின் கிராவ்.

1884இல் லைப்சிக் நகரை அடுத்த ஷோனஃபெல்டில் பிறந்த கிராவின் உள்ளத்தை ஓவியமும் மறைஞானமும் ஒருங்கே ஆட்கொண்டிருந்தன. முதல் உலகப் போரின்போது, 1916ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அவர் செர்பியாவில் படைப்பணியில் இருந்தார். அங்கே உழவர் ஒருவர், தம் தந்தை இறந்த பின்னும் இரத்தக் காட்டேரியாய் உலவிய கதையைச் சொன்னாராம். இதைக் கிராவே பின்னர் எழுதியிருக்கிறார். அந்த விதை ஐந்தாண்டுகள் அவருள் கிடந்தது.

1921இல் என்ரிகோ டீக்மன் என்பவருடன் சேர்ந்து படநிறுவனம் ஒன்றைத் தொடங்கி, அதற்குப் 'பிராணா' என்று பெயரிட்டார். அச்சொல்லின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. உயிர்மூச்சின் பெயர் தாங்கிய அந்நிறுவனம் எடுத்து முடித்த ஒரே படம், செத்தும் சாகாத ஒருவனைப் பற்றியது என்பது விந்தையே. அதுதான் 'நோஸ்ஃபெராட்டு'. இயக்கியவர் முர்னாவ். அரங்க அமைப்பும் ஆடை வடிவமும் விளம்பர ஓவியங்களும் கிராவின் கைவண்ணம்.

அச்சுவரொட்டிகளுள் ஒன்றை நினைத்துப் பார்ப்போம். நெடிது மெலிந்த ஓர் உருவம், விரிந்த கண்கள், கூர்நகம் நீண்ட விரல்கள், காலடியில் எலிகள். குருதி பெருகவில்லை. கழுத்தைக் கடிக்கும் காட்சியும் இல்லை. எலி கொள்ளைநோயின் குறி. போரிலும், 1918இல் பரவிய விஷக் காய்ச்சலிலும் உற்றாரை இழந்திருந்த மக்களுக்கு அக்குறி ஒன்றே போதுமானதாயிருந்தது. மீதியை அவரவர் துயரமே வரைந்துகொண்டது.

1922 மார்ச் 4இல் பெர்லின் விலங்கியல் பூங்காவின் பளிங்கு மண்டபத்தில் படம் பெருவிழாவாக அரங்கேறியது. ஆனால் அதன் கதை, பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட 'டிராகுலா' நாவலினின்று எடுக்கப்பட்டது. உரியவரிடம் இசைவு பெறவில்லை, பணமும் தரவில்லை. ஸ்டோக்கரின் மனைவி பிளாரன்ஸ், கணவரை இழந்து அவர் நூல்களின் வருவாயை நம்பி வாழ்ந்தவர். அவ்வம்மையாருக்குச் செய்தியை அறிவித்தது பெர்லினிலிருந்து வந்த விழா நிகழ்ச்சித் தாளே. நாவலின் பெயரை அது மறைக்காமல் அச்சிட்டிருந்தது. ஊரை அழைக்க அச்சிட்ட தாளே குற்றத்தையும் கூறிவிட்டது!

நிறுவனம் அவ்வாண்டே நொடித்துப்போனது. வழக்கு தொடர்ந்தது. படத்தின் பிரதிகள் அனைத்தையும் அழிக்குமாறு 1925இல் ஜெர்மானிய நீதிமன்றம் ஆணையிட்டது. எனினும் வெளிநாடுகளுக்குச் சென்றுவிட்ட பிரதிகள் தப்பின.

இடையே 1923இல் 'நிழல்கள்' என்ற படத்திற்கும் கிராவ் வடிவமைத்தார். பின்னர்த் திரையுலகை விட்டு விலகி மறைஞானக் குழுக்களில் ஈடுபட்டார். 1971இல் தம் 86ஆம் வயதில் மறைந்தார். முர்னாவின் புகழ் உலகெங்கும் பரவ, கிராவின் பெயரைத் தேடித்தான் அறிய வேண்டியிருக்கிறது.

ஒரு விதவையின் உரிமையை மதியாமல் எடுத்தது பிழைதான். கலையழகு அதை ஈடுசெய்யாது. ஆயினும் கதை மட்டுமே பிறருடையது. அந்த நெடிய உருவமும் அதன் காலடி எலிகளும் கிராவின் கற்பனை வழி பிறந்தவை. ஒரு வாரத்திற்கென்று அச்சிட்ட தாள் நூறாண்டு கடந்தும் காண்போரை நிறுத்துகிறது. சொல்லாமல் விடுவதன் வலிமையை அறிந்த கவிஞர்களுக்கு அவர் அயலார் அல்லர்.