யாழிசையை மீட்டெடுத்த விஞ்ஞான ஆசிரியர் சுவாமி விபுலாநந்த அடிகள்

திருஞானசம்பந்தப் பெருமானின் பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழிலிட்டு வாசித்த வரலாற்றை அடியார்கள் அறிவர். அத்தகைய யாழ் பிற்காலத்தில் வழக்கொழிந்து, நூல்களில் பெயரளவில் மட்டுமே எஞ்சியது. அதன் இலக்கணத்தை மீளக் கண்டு உலகுக்கு உரைத்தவர் கிழக்கிலங்கை ஈன்ற சுவாமி விபுலாநந்த அடிகளார் ஆவார்.

கண்ணகி அம்மன் கோயில் கொண்டருளும் காரைதீவில், சாமித்தம்பி கண்ணம்மை தம்பதியரின் புதல்வராக 1892ஆம் ஆண்டு அவதரித்தார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் பயின்று ஆசிரியரானார். 1916இல் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமாவும், அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே படித்து, 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். பின் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராகப் பணியாற்றினார்.

1922இல் பதவியைத் துறந்து சென்னை இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டார். கல்வியையும் அவர் அத்துடன் துறந்துவிடவில்லை. தாயகம் திரும்பிப் பாடசாலைகளை நிருவகித்தார். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார்.

நடுவயதில் அவர் மேற்கொண்டதே யாழ் ஆராய்ச்சி. கண்ணகியின் கதை கூறும் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழ் பற்றிய அடிகள் உள்ளன. அவற்றின் பொருள் தெளிவதற்குத் தமிழ்ப் புலமை மாத்திரம் போதவில்லை. அங்கேதான் பழைய விஞ்ஞானப் படிப்பு துணைநின்றது. ஒரு நரம்பைப் பாதியாகக் குறைத்தால் அதே சுரம் மேல்தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் குரலுக்கு இளி, அதாவது சட்சத்துக்குப் பஞ்சமம், பிறக்கும். இத்தகைய பௌதிக விதிகளையும் கணிதத்தையும் பண்டைத் தமிழ் நூல்களோடு பொருத்தி, ஏழிசைகளின் அளவுகளையும் பண்களின் பிறப்பையும் கணக்கிட்டார். பண்டிதராக மட்டும் இருந்திருந்தால் அந்தக் கணக்கு கைகூடியிராது. விஞ்ஞானியாக மட்டும் இருந்திருந்தால் அந்தச் செய்யுள்கள் பொருள் தந்திரா.

ஆராய்ச்சி சுமார் 14 ஆண்டுகள் நீடித்தது. இடையே இமயச் சாரலிலுள்ள மாயாவதியில் பிரபுத்த பாரத இதழின் ஆசிரியப் பொறுப்பு. 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் பதவி. அவற்றோடு நோயும் வந்து சேர்ந்தது. எனினும் எடுத்த கருமத்தை அவர் கைவிடவில்லை. தேவாரவியல் உட்பட ஏழு இயல்கள் கொண்ட யாழ் நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக, 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்ச் சிவாலயத்தில் அரங்கேறியது. உடல் நலிந்த நிலையிலும் அடிகளார் அங்கு எழுந்தருளியிருந்தார். ஆறு வாரங்கள் கழிந்து, 1947 ஜூலை 19ஆம் நாள் கொழும்பில் இறைவனடி சேர்ந்தார். அவரது சமாதி சிவானந்த வித்தியாலய வளவில் அமைந்துள்ளது.

இளமையிற் கற்ற கல்வி எதுவும் வீண்போவதில்லை. வேறொரு தொழிலுக்கெனக் கற்றதும், காலம் கனியும்போது புதியதொரு பணிக்குக் கைகொடுக்கும். வயது சென்றுவிட்டதென்று வாளாவிருப்போருக்கு அடிகளாரின் வாழ்வு நல்லதோர் வழிகாட்டியாகும்.